மாப்பிள்ளை கொடுத்த நிலம்

புதுவிடியல் தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு முதலில் கொண்டுவந்தது ஒரு பெயர்ப்பலகை. குழாய் வரவில்லை, மாவு மில் வரவில்லை, விதை வரவில்லை, பலகை வந்தது. அதை நடுவதற்கு மட்டும் சிமெண்ட் மூட்டை வந்தது. அந்தச் சிமெண்டில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டியிருக்கலாம். நட்டு முடித்ததும் பலகைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நச்சூமா ஊர் முன்னேறிவிட்டது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

நான் வைசன். பிறந்தது தியோலோ மலையில், தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு என்னுடையது. எடை போடுகிறவன் எதிரில் நிற்கிறவனை எப்படி ஏய்ப்பான் என்பதைப் பால்பல் விழுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். ஃபலேசியைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். மலாவியில், எங்கள் தெற்குப் பக்கத்தில், ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு அவளுடையது, நிலம் அவளுடையது, பிள்ளைகள் அவளுடைய தாய்மாமன் பொறுப்பு. மாப்பிள்ளை என்பவனுக்குச் சொந்தம் ஒரு பாய், ஒரு மண்வெட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சைக்கிள். எங்களைக் கடன் வாங்கின சேவல் என்பார்கள், முகத்துக்கு நேராகவே. சேவல் சரியில்லை என்று வீடு முடிவு செய்துவிட்டால், பாயைச் சுருட்டி, அதன் மேல் மண்வெட்டியை வைத்து, அவன் காலடியில் போட்டுவிடுவார்கள். அதற்கு மேல் பஞ்சாயத்து கிடையாது. எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. தோட்டத்துரையிடம் இருந்ததற்கு இது பரவாயில்லை. என் சகலை பிசேக்கிக்குத்தான் இது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

பிசேக்கி என் மனைவியின் தங்கை எலுபேயைக் கட்டியவன். கெட்டவன் இல்லை. அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை; எங்கள் ஊரில் அதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். பிள்ளைகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஆடுவான், வீடே சிரிக்கும். ஆனால் எங்கே நாலு பேர் கூடினாலும் நடு நாற்காலி தனக்கு வேண்டும் என்கிற அரிப்பு அவனுக்கு உண்டு. அந்த நாற்காலியோ கிடைத்ததில்லை. மாப்பிள்ளைக்கு யார் போடுவார்கள்?

எலுபேக்கு ஓடையோரத்தில் ஒரு டிம்பா இருந்தது. மழை நின்றபின்னும் ஈரம் காயாத தாழ்வான கறுப்பு மண்ணைத்தான் அப்படிச் சொல்வோம். மேட்டு நிலமெல்லாம் செத்து, மண் பொரிந்து போய்க் கிடக்கிற மாதங்களில் அங்கே கடுகுக்கீரையும் தக்காளியும் பச்சை மக்காச்சோளமும் நிற்கும். வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றி ஊற்றி அவள் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிற்று. அதை விற்று வாங்கிப் போடுகிற சோளத்தில்தான் ஜனவரி, பிப்ரவரியில், ஊரே காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்கிற நாட்களில், அவள் வீட்டில் களி வேகும். அந்த நிலம் இல்லையென்றால் அவளும் கிழங்கு தோண்டப் போக வேண்டியவள்தான். அவள் அம்மாவிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. இது எல்லாருக்கும் தெரியும், கோண்ட்வே சாரைத் தவிர.

கோண்ட்வே சார்தான் புதுவிடியலின் அதிகாரி. நம் நாட்டுக்காரர்தான், ஆனால் வடக்கத்தியார். அந்தப் பக்கம் மாடு கொடுத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். அதனால் கூரைக்குக் கீழே மீசை ஒன்று தெரிந்தால் அதுதான் சொந்தக்காரன் என்பது அவர் கணக்கு. பட்டம் வாங்கியவர். இங்கே எப்படி என்று ஒருவரைக் கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கு அவருக்கு நேரமில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அவ்வளவு இருந்தது.

குளிர்காலத்தில், தூறல் விடாமல் பிடித்திருந்த ஒரு காலையில், மாமரத்தடியில் கூட்டம். ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குத் தரையில் பாய். எலுபே அன்றைக்கு ஊரில் இல்லை. பலோம்பேயில் அவள் சித்தி செத்துப்போய், துக்கத்துக்குப் போயிருந்தாள்.

"உங்க குழந்தைங்களுக்குப் புரதம் பத்தலை. அதனால மீன் குளம் வெட்டப் போறோம்" என்றார் கோண்ட்வே சார்.

சில்வா ஏரி சைக்கிளில் அரைநாள் தூரம். அங்கேயிருந்து கருவாட்டு மூட்டை வராத சந்தை கிடையாது. வாங்கக் காசில்லை என்பதுதான் எங்கள் நோய், மீன் இல்லை என்பதல்ல. ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் குளிர்பானமும் பன்னும் உண்டு என்று முன்பே சொல்லியிருந்ததால் எல்லாரும் தலையை ஆட்டினோம்.

"குளம் வெட்ட ஈரமான நிலம் வேணும். நிலம் உங்க பங்களிப்பு. அப்பத்தான் இது உங்க திட்டம். யாரு குடுக்கறீங்க?"

ஊர்த் தலைவர் நசோம்பேக்கு ஓடையோரத்தில் நல்ல நிலம் இருந்தது. அவர் தன் செருப்பு வாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். கோண்ட்வே சார் ஓடைப் பக்கம் பார்த்தார்.

"அதோ பச்சையா தெரியுதே, அது யாரோடது?"

"எலுபேயோடது சார்."

"எலுபேயோட வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

பிசேக்கி எழுந்தான். அவன் எழுந்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை.

"நீங்கதான் குடும்பத் தலைவரா?"

அவன் பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

"ஆமா சார், நான்தான்."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். கோண்ட்வே சார் அதைக் கவனிக்கவில்லை. "முன்னாடி வாங்க, இப்படி வந்து உட்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக் காட்டினார்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சகலை, யாரு நிலத்தை யாரு குடுக்கறது? உட்காரு பேசாம."

"விடுங்க சகலை. ஒரு குளம்தானே? மீன் வந்தா எலுபேக்குத்தானே?"

"எலுபே வந்தா உனக்கு என்ன வரும்னு யோசிச்சியா?"

அவன் போய் உட்கார்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் கற்ற பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பனியன் கொடுத்தார்கள். முதுகில் ஆங்கிலத்தில் 'நிலம் தந்தவர்' என்று இருந்தது. தலைவர் நசோம்பேயும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். நிலம் அவருடையதில்லை, திட்டத்துக்குத் தலைவர் மட்டும் அவர். இதைவிட நல்ல திட்டம் யாருக்குக் கிடைக்கும்?

எலுபே துக்கம் முடிந்து திரும்பிய அன்று, தலையில் கட்டிய துக்கத் துணியை அவிழ்ப்பதற்கு முன்பே டிம்பாவுக்குப் போனாள். கீரைப் பாத்திக்கு நடுவில் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சிகள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். மாலையில் அவள் வீட்டு அடுப்பில் நல்ல காய்ந்த மரம் எரிந்தது.

மறுவாரம் கோண்ட்வே சார் ஜீப்பில் டிம்பாவுக்கு வந்தார். நானும் ஃபலேசியும் அங்கேதான் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தோம்.

"இங்க அடிச்சிருந்த குச்சியெல்லாம் எங்கம்மா?"

"களி கிண்டினேன் சார். நல்ல விறகு."

"அம்மா, இது முறைப்படி குடுத்த நிலம். உங்க கணவர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

எலுபே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டீங்களா மச்சான்? என் வீட்டுக்காரருக்கு இந்த ஊர்ல ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது, நிலம் குடுத்தாராம். ஏன் சார், ஓடையையும் சேர்த்து எழுதிக் குடுக்கலையா?"

"உங்களுக்கு வருத்தம் இருக்கும், புரியுது. குடும்பத்துல கலந்து பேசி முடிவெடுக்காததுதான் பிரச்சனை" என்றார் கோண்ட்வே சார், மிகவும் மென்மையாக. "அதுக்கு நாங்க ஒரு பயிற்சி வெச்சிருக்கோம்."

"பயிற்சியா? அவருக்கா, எனக்கா?" என்றாள் எலுபே.

பயிற்சி பெண்களுக்குத்தான். தலைநகரத்திலிருந்து குதிகால் உயர்ந்த செருப்போடு ஒரு பெண் வந்திறங்கினாள். மாமரத்தில் பெரிய பெரிய தாள்களைத் தொங்கவிட்டாள். தலைப்பு: நிலத்தில் பெண்ணின் உரிமை. நாங்கள் ஆண்கள் கொஞ்சம் தள்ளி, பன் மிச்சமானால் கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்தோம்.

"உங்க வீட்ல நிலம் யாரோடது?" என்று கேட்டாள் அவள்.

"எங்களுது!" என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் புன்னகைத்தாள், குழந்தைகளைப் பார்த்துப் புன்னகைப்பதுபோல. "ஆசைப்படறது வேற. நான் உண்மையைக் கேட்கறேன். பயப்படாதீங்க. ஆம்பளைங்க தூரத்துலதான் இருக்காங்க."

ஃபலேசி திரும்பி என்னைப் பார்த்தாள். "யோவ், உன்னைப் பார்த்துப் பயப்படணுமாம்" என்று கத்தினாள். பாயெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்துப் பயப்பட ஒரு வாத்துகூட அந்த ஊரில் இல்லை.

பயிற்சிக்காரி விடவில்லை. "உலகத்துல பெரும்பாலான நிலம் ஆம்பளைங்க கையில இருக்கு. நீங்க எழுந்து நின்னு, 'நிலம் என் உரிமை'ன்னு சொல்லணும். எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

சொன்னார்கள். பாட்டாகவே பாடினார்கள், கைதட்டித் தாளம் போட்டு. ஓய்ந்ததும் எலுபே எழுந்து நின்றாள்.

"சொல்லிட்டேன் அக்கா. இப்ப என் நிலத்தைத் திருப்பிக் குடுங்க."

பயிற்சிக்காரி கோண்ட்வே சாரைப் பார்த்தாள். கோண்ட்வே சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது தனி விஷயம் அம்மா. கேள்வியெல்லாம் கடைசியில" என்றார்.

கடைசி வரவில்லை. இருட்டுவதற்குள் ஜீப் தார்ச்சாலையைப் பிடிக்க வேண்டும் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பயிற்சி நல்லபடியாக முடிந்தது என்று கைதட்டச் சொன்னார்கள். தட்டினோம். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும்: யார் சொன்னாலும் தட்டுவோம்.

தட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டாம் வருஷம் மாவு மில் வரும், ஆனால் முதல் வருஷம் குளம் வெட்டியாக வேண்டும் என்று தலைவர் நசோம்பே வீடு வீடாகச் சொல்லிவைத்தார். கூட்டம்போட்டுப் பாடிய அதே பெண்கள் தண்ணீர்த் துறையில் எலுபேயைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "ஒருத்தி கீரைக்காக ஊரே சோளத்தை உரல்ல இடிக்கணுமா?" என்று அவள் காதில் விழும்படி பேசினார்கள். எலுபே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து ஃபலேசியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள்.

குச்சிகளை மறுபடி அடித்தார்கள், இந்தத் தடவை இரும்பில். தூறலெல்லாம் ஓய்ந்து வெயில் காய்ந்த ஒரு காலையில், அடுத்த வாரம் வெள்ளைக்காரம்மா வந்து முதல் மண்ணை வெட்டப் போகிறார் என்று செய்தி வந்தது. பணம் கொடுக்கிற நாட்டிலிருந்து வருகிறவர். அவர் வெட்டிவிட்டால் மறுநாளிலிருந்து கூலி ஆட்கள் இறங்கிவிடுவார்கள்.

ஃபலேசி சைக்கிளை என் பக்கம் தள்ளினாள். "போய் மாமனைக் கூட்டிட்டு வா."

மாமன் மத்தியாசி, ஃபலேசிக்கும் எலுபேக்கும் தாய்மாமன், ஏரியில் மீன் பிடிக்கிறவர். நாணல் மேல் போட்ட குடிசையில், தண்ணீரோடு தண்ணீராகக் கிடப்பார். எனக்குப் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் அவர் உடம்பிலிருந்து கருவாட்டு வாசம். புரதம் நானே கொண்டுவருகிறேன் என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன்.

மாமன் வந்ததும் முதலில் தலைவரிடம் போனார். திரும்பி வந்து எலுபேயின் முற்றத்தில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் இருந்தோம். பிசேக்கி கொஞ்சம் தள்ளி, ஆரஞ்சு பனியனில்.

"தலைவன் சொல்றது ஒண்ணுதான்" என்றார் மாமன். "உங்க வீட்டு மாப்பிள்ளை நாலு பேருக்கு முன்னால சொன்னான், அது உங்க வீட்டு வாக்குங்கறான். அவன் சொல்றது தப்பில்ல. நம்ம அடுப்புச் சோத்தைப் போட்டு வெச்சிருக்கோம், அப்ப இவன் வாய் நம்ம வாய்தான். இதுக்கு ரெண்டே வழி. மாப்பிள்ளை, நீங்களே அதே நாலு பேருக்கு முன்னால நின்னு, அது என் நிலம் இல்லை, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லணும். சொன்னா முடிஞ்சுது. பேப்பர் செத்துது."

"சொல்லலேன்னா?" என்றாள் ஃபலேசி.

மாமன் எலுபேயைப் பார்த்தார். "சொல்லலேன்னா, இவன் நம்ம வீட்டு மாப்பிள்ளை இல்லைன்னு ஆகணும். மாப்பிள்ளை போனா அவன் வாக்கும் கூடவே போகும். அது உன் இஷ்டம்மா. நான் தலையாட்டத்தான் வந்தேன்."

எலுபே எழுந்து போய்ப் பிசேக்கியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை. உனக்கு என்ன குறைஞ்சுடப் போகுது?"

அவன் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். "வெள்ளைக்காரம்மா முன்னாடி எனக்கு நாற்காலி போட்டிருக்காங்க. மைக்குல பேசச் சொல்லியிருக்காங்க. நான் ஏறி நின்னு, எனக்கு ஒண்ணுமே இல்லை, நான் பொய்யன்னு சொல்லணுமா?"

"ஒண்ணுமே இல்லைன்னு யாரு சொன்னா? பிள்ளைங்க இல்லையா? நான் இல்லையா?"

"அதெல்லாம் மாமனோடதுதானே" என்றான் பிசேக்கி.

எலுபே மடியிலிருந்த கடைசிக் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவன் குழந்தையின் வயிற்றில் வாயை வைத்து ஊதினான். குழந்தை சிரித்தது. எனக்கு அவனை இரண்டு அறை விடலாம் போல இருந்தது.

விழாவன்று டிம்பாவின் மேட்டில் பந்தல். முப்பது குடிசைக்குத் தெரிகிற மாதிரி துணிப் பதாகை. வந்த ஜீப்புகளின் டீசலை விற்றால் மாவு மில்லே வாங்கியிருக்கலாம். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் இடுப்புத்துணி கொடுத்து, குலவை போடச் சொல்லியிருந்தார்கள். போட்டார்கள், காது கிழிய.

வெள்ளைக்காரம்மா நல்ல மாதிரித்தான் இருந்தார். வெயிலில் முகம் வெந்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்து, தும்மினவனுக்கும் நன்றி சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கூட்டிக்கொண்டு வந்தவர்கள் காட்டினதைப் பார்த்தார். ரிப்பன் கட்டிய மண்வெட்டி ஒன்று அவருக்காகச் சாத்திவைத்திருந்தது. மண்ணையே பார்க்காத இரும்பு, கண்ணாடி போலப் பளபளத்தது.

காலையில் பிசேக்கிக்குக் குளிக்க வெந்நீர் வைத்தது எலுபேதான். பனியனைத் துவைத்துக் கொடுத்தவளும் அவள்தான். "இன்னிக்குச் சொல்லு. சொல்லிட்டு வா, கோழி அடிச்சு வெக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாள். ஃபலேசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிசேக்கியை மேடையில் வெள்ளைக்காரம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தலைவர் நசோம்பே பேசினார், கோண்ட்வே சார் பேசினார். பிறகு மைக்கைப் பிசேக்கியிடம் கொடுத்தார்கள். அவன் கூட்டத்தில் எலுபேயைத் தேடிக் கண்டுபிடித்தான். ஒரு நிமிஷம், சத்தியமாக, சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். பக்கத்திலிருந்த மாமன்கூட முன்னால் சாய்ந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். மைக்கில் தன் குரல் மலைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது அவன் காதில் விழுந்தது. அவ்வளவுதான், மனிதன் போய்விட்டான். மார்பு நிமிர்ந்தது. "இது என் நிலம். என் ஊர் ஜனங்களுக்காக நான் சந்தோஷமா குடுக்கறேன்."

கைதட்டல். குலவை. எலுபே எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை.

வெள்ளைக்காரம்மா எழுந்து பிசேக்கியின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்தாள். தலையில் சுருட்டிய பாய், அதன் மேல் மண்வெட்டி. அவளைப் பார்த்த இடத்திலெல்லாம் குலவை அறுந்தது. மத்தளம் அடித்தவன் கையை மடக்கிக்கொண்டான். கூட்டம் வழிவிட்டது. அவள் நேராக மேடைக்கு ஏறி, பிசேக்கிக்கு முன்னால் மண்டியிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண் எதைக் கொடுத்தாலும் மண்டியிட்டுத்தான் கொடுப்பாள், அது ஒரு சொம்புத் தண்ணீராக இருந்தாலும். பாயை அவன் காலடியில் இரண்டு கையாலும் வைத்தாள்.

ஓடைத் தண்ணீர் சத்தம் கேட்டது.

வெள்ளைக்காரம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. என்னவோ சொன்னார்.

"எவ்வளவு அழகான மரியாதைன்னு சொல்றாங்க" என்று கோண்ட்வே சார் மைக்கில் மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்துவிட்டு அவரே கைதட்டினார். வந்த விருந்தாளிகள் எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைவர் நசோம்பேயின் கைகள் பாதிவரை உயர்ந்து, அங்கேயே நின்று, மடியில் இறங்கிவிட்டன.

போட்டோக்காரன் ஓடி வந்தான். "அம்மா, இன்னொரு தடவை. முகம் சரியா விழலை. இந்தப் பக்கம் பார்த்து வைங்க."

எலுபே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு தடவை பத்தாதாப்பா உங்களுக்கு? சரி."

பாயைத் தூக்கி மறுபடி வைத்தாள், இந்தத் தடவை மண்வெட்டி சத்தமாக விழும்படி. எங்கள் பக்கத்தில் ஒரே மேடையில் இரண்டு முறை விரட்டப்பட்ட மாப்பிள்ளை பிசேக்கி ஒருவன்தான்.

அவன் என்ன செய்வான்? குனிந்து எடுத்தான். பாயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தான். அப்புறம் வெள்ளைக்காரம்மா ரிப்பன் மண்வெட்டியால் எலுபேயின் கீரைப் பாத்தியில் ஒரு போடு போட்டார். ஒரு கூடை மண்கூட வரவில்லை. குளிர்பானம் குடித்தோம்.

ஜீப்புகள் போனபின் பிசேக்கி சைக்கிளை எடுத்தான். பாய் கேரியரில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது.

"சகலை, கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். ரப்பரை இழுத்துக் கட்டினேன்.

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா. கோழி அடிக்கிறேன்னாளே."

"சொல்லியிருந்தா அப்புறம் நான் யாரு சகலை?"

"இப்ப யாரு?"

மூத்த மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளை நோக்கி இரண்டடி வைத்தான், பிறகு அவளுக்குப் பின்னால் மாமன் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். முதுகில் 'நிலம் தந்தவர்' என்ற எழுத்து புழுதியில் மறைகிற வரைக்கும் தெரிந்தது.

மறுநாள் கோண்ட்வே சார் கூலி ஆட்களோடு வந்தார். மாமன் எலுபேயின் பாத்தியில் குந்தி உட்கார்ந்து, வெள்ளைக்காரம்மா வெட்டிய குழியில் பூசணி விதை ஊன்றிக்கொண்டிருந்தார். கூலி ஆட்கள் மேட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களும் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள்தான். நேற்று நடந்தது அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"பிசேக்கி எங்கே?"

"ஊருக்குப் போயிட்டார் சார்" என்றேன்.

"எப்ப வருவார்?"

தலைவர் நசோம்பே இருமினார். பதில் சொன்னது மாமன்தான்.

"வரமாட்டார் சார். அவர் குடுத்த நிலத்தையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நேத்து மேடையில அதைத்தான் மார்ல அணைச்சுக்கிட்டு நின்னார், நீங்களும் கைதட்டினீங்களே."

கோண்ட்வே சார் தலைவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேட்டில் நின்ற ஆட்களைப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அதைப் பார்ப்பதற்காகவே அவ்வளவு நாளையும் சகித்துக்கொள்ளலாம்.

"இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேனே சார். கேள்வியெல்லாம் கடைசியிலன்னீங்க" என்றாள் எலுபே, வாளியைத் தூக்கியபடி.

குளம் ஓடைக்கு அக்கரையிலிருக்கிற ஊருக்குப் போயிற்று. அங்கே மேட்டு நிலத்தில் வெட்டினார்கள். கோடைக்கு முன்பே வற்றி, இப்போது அதில் ஆடு படுக்கிறது. மாவு மில் எங்கேயும் வரவில்லை. வருவதாகவே இல்லை என்று பின்னால் ஜீப் டிரைவர் சொன்னான். பலகையை நான்தான் கழற்றினேன். நல்ல தகரம், ஆட்டுக் கொட்டகைக்குக் கதவாயிற்று.

ஜனவரியில் ஊர் கிழங்கு தோண்டப் போனது. தலைவரின் மனைவி தட்டோடு எலுபேயிடம் வந்து நின்றாள். எலுபே சோளம் போட்டாள், கீரையும் பறித்துக் கொடுத்தாள். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்த மழையில்தான் புதுவிடியலின் காலண்டர் வந்தது, வீட்டுக்கு ஒன்று. அட்டையிலேயே எலுபே, மண்டியிட்டு. பிசேக்கி பாயை அணைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. எலுபே அதை என்னிடம் நீட்டினாள்.

"கீழ என்ன போட்டிருக்கு மச்சான்?"

நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஊருக்கு நிலம் தந்த விவசாயிக்கு அவர் மனைவி நன்றியோடு காணிக்கை செலுத்துகிறார்.

கடைசிக் குழந்தை அவள் இடுப்பிலிருந்து எட்டி, ஆரஞ்சு பனியன்மேல் விரலை வைத்து, "அப்பா" என்றது.

"அந்த எழுத்தை மட்டும் கத்தரிச்சு எறிஞ்சுடுங்க" என்றாள் எலுபே. "படம் இருக்கட்டும். பிள்ளைங்களுக்கு வேணும்."

கத்தியை எடுத்து, கீழ்வரியை அறுத்து, அடுப்பில் போட்டேன்.